கழிக்கரையில் கொடுத்த குங்குமம்

சிமிழில் இருந்த குங்குமம் நனைந்திருந்தது.

நவராத்திரி நாலாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, நெற்றிக்கு இட்டுக்கொள்ளலாம் என்று வெள்ளிச் சிமிழைத் திறந்த வாலாம்பாள், விரல் நுனியில் பொடி ஒட்டுவதற்குப் பதிலாகக் குழம்பாக ஏதோ அப்பிக்கொண்டதும் கையை உதறினாள். ராத்திரி படுக்கும் முன் அவள்தான் சிமிழை இறுக மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஓடு ஒழுகவில்லை. மழை நின்று இரண்டு வாரமாகிறது. சிமிழை ஒட்டி இருந்த சாம்பிராணிப் பொட்டலமும் தீப்பெட்டியும் காய்ந்துதான் கிடந்தன. சிமிழை மூக்கருகில் கொண்டுபோனாள். மஞ்சள் வாசனை இல்லை. தண்ணீர் இறங்கிப்போன உப்பங்கழியில் வெயில் பட்டால் கிளம்புமே, அந்தச் சேற்று நாற்றம் அடித்தது.

குங்குமத்தைக் குப்பையில் கொட்டக்கூடாது. வாசல் துளசிக்கு அடியில் வழித்துப் போட்டுவிட்டு, சிமிழைத் துடைத்து, மாட்டுங்காவிலிருந்து வாங்கி வந்திருந்த பொட்டலத்தைப் பிரித்துப் புதிதாக நிரப்பினாள். நேற்று சாயங்காலம் அந்த மாமி ஈரக்கையால் எடுத்தாள் அல்லவா, அந்த ஈரம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டாலும் அந்த விரலை மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவினாள்.

செம்பூருக்கு அவர்கள் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வாலாம்பாளின் புருஷன் ஜகந்நாதனுக்கு உப்பு இலாகாவில் குமாஸ்தா வேலை. கழிக்கு அந்தப் பக்கத்து உப்பளங்களுக்கு அவனை மாற்றினார்கள். மாட்டுங்காவிலிருந்து தினம் வந்துபோக முடியாது என்று, ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்தான். பம்பாய் என்று பேர்தானே தவிர, செம்பூர் ஒரு சின்ன ஊர். பம்பாயின் சகல குப்பையையும் ஏற்றிக்கொண்டு கச்சரா வண்டி தினம் இரண்டு வேளை அந்த வழியாகப் போகும். போகிறபோது ஜன்னலைச் சாத்த வேண்டும், போன பிறகும் அரை மணி திறக்க முடியாது. யுத்தகாலமாகையால் ரேஷனில் கிடைத்த அரிசியில் பாதி கல். பக்கத்து வீட்டுக்காரிகள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். 'மதராசி' என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்குப் புரியும், அது போதுமானதாக இருந்தது.

மாட்டுங்காவில் இருந்தபோது கொலு என்றால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. இங்கே தமிழ் வீடு மொத்தமே மூன்று. கெரஸின் டின்னை அடுக்கி வேஷ்டியைப் போர்த்தி மூன்று படி கட்டி, சுண்டலுக்குக் கடலையும் பாடுபட்டுச் சேர்த்துவிட்டாள். யார் வந்து உட்காரப் போகிறார்கள்? முதல் நாள் அடுத்த தெரு நாகலக்ஷ்மி மட்டும் வந்தாள். இரண்டாம் நாளும் நாகலக்ஷ்மிதான். வாலாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம், மடியில் குழந்தை இல்லை, வீட்டில் பேச அவனை விட்டால் ஆள் இல்லை. கொலுவுக்கு நாலு சுமங்கலி வந்து குங்குமம் வாங்கிக்கொண்டால் அவன் நன்றாக இருப்பான் என்று அவள் நம்பினாள். வேண்டுதல் என்று அவளுக்கு வேறெதுவும் இல்லை, அவன் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டு வழக்கம்போல் பார்க்குக்குப் போனாள்.

அது கழிக்கரையில் முனிசிபாலிட்டி போட்ட சின்னப் பார்க். நாலு பாத்தி குரோட்டன்ஸ், தண்ணீர் வராத ஒரு நீரூற்று, நாலு இரும்புப் பெஞ்சு, வாசலில் ஒரு போர்டு. பூப் பறிக்காதே, புல்லை மிதிக்காதே, ஆறரைக்கு மேல் இருக்காதே என்று அந்தப் போர்டு வரிசையாக மிரட்டும். அங்கே என்ன செய்யலாம் என்று ஒரு வரி கிடையாது. காவல்காரர் ஷேக் பரீத் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், தாராவியில் குடியிருந்து ரயிலில் வந்துபோகிறவர். தமிழ் பேசுகிறாரே என்று முதல் நாள் வாலாம்பாள் சிரித்ததற்கு, "மணி அடிச்சா எந்திரிச்சுப் போயிரணும்மா, ரெண்டாந்தரம் சொல்ல மாட்டேன்" என்று பதில் வந்தது. ஆனாலும் அவள் தினம் போனாள். உப்பளத்திலிருந்து ஜகந்நாதன் கழியோரத்து மண்வரப்பு மேலாக நடந்து வந்து, பார்க்கின் பின்பக்கத்துத் திட்டிவாசல் வழியாக நுழைவான். தூரத்தில் அவன் குடை தெரிந்ததும் எழுந்து நிற்பாள். இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள். அந்த ஊரில் அவளுக்குப் பிடித்திருந்தது அந்தக் கால் மணி நேரம் ஒன்றுதான்.

அன்றைக்குக் கடைசிப் பெஞ்சில், கழியைப் பார்த்தபடி, இந்தப் பக்கம் முதுகு காட்டி, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது கஜம், மடிசார். பின்னால் செருகியிருந்த தினுசைப் பார்த்ததுமே நம்மவள் என்று வாலாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. தலைப்பை இந்தப் பக்கத்துப் பெண்கள் மாதிரி தலைக்கு மேல் இழுத்து மூடியிருந்தாள். விளக்குக்கெல்லாம் யுத்தத்துக்காகக் கறுப்பு பூசியிருந்ததில் புடவை அரக்கு நிறமாகத்தான் தெரிந்தது. வாலாம்பாளுக்கு இருந்த சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. எதிரே போய் முகத்தைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, அதற்கப்புறம்தான் சிமிழை நீட்ட வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பெஞ்சுக்கு முன்னால் நிற்க இடமில்லை, இரண்டு அடிக் கருங்கல், அதற்கு அப்பால் சேறு. ஷேக் பரீத் வேறு மணியை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். அவசரத்தில் பின்னால் நின்றபடியே தோளுக்கு மேல் சிமிழை நீட்டினாள்.

"மாமி, நவராத்திரி. எங்காத்துல கொலு வெச்சிருக்கோம். வெத்தலை பாக்குக்கு அவசியம் வரணும்."

அப்புறம் ஒரு கை மேலே வந்தது. துணி தோய்த்துத் தோய்த்து ஊறிப்போன மாதிரி வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கி, உப்பி இருந்த கை. அது ஒரு சிட்டிகை எடுக்கவில்லை. சிமிழுக்குள் விரல்களை அழுத்தி, வழித்து, ஒரு பிடியாக எடுத்து மூடிக்கொண்டது. நெற்றிக்குப் போகவில்லை, மடிக்குத் திரும்பிப் போயிற்று. வீட்டுக்கு வழி சொல்லக்கூட வாலாம்பாளுக்கு நேரம் இல்லாமல் மணி காதுக்குப் பக்கத்திலேயே அடித்தது. அதே நேரம் திட்டிவாசலில் ஜகந்நாதனின் குடை தெரிந்தது. வாலாம்பாள் அவனோடு போய்விட்டாள்.

அதுதான் முந்தின நாள் நடந்தது. நாலாம் நாள் காலையில் குங்குமம் நனைந்திருந்ததைப் பார்த்த பிறகு, சமையலில் மனம் ஓடவில்லை. அந்தக் கையில் வளையல் இருந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். சத்தம் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அன்று வெயில் இறங்கும் முன்பே கிளம்பிவிட்டாள். பார்க்கில் ஒரு பிராணி இல்லை. கடைசிப் பெஞ்சில் மட்டும் அதே முதுகு, அதே மூடின தலை, நேற்று விட்ட இடத்திலேயே. கழியில் தண்ணீர் வடிந்து, வழவழவென்று கருஞ்சேறு வெளியே கிடந்தது. அதிலிருந்து ஓயாமல் சின்னச் சின்னக் குமிழிகள் உடைந்துகொண்டிருந்தன. குரோட்டன்ஸ் பாத்தியைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போனாள். இரண்டு கஜ தூரத்தில் நின்றாள்.

புடவை அரக்கு இல்லை. வெள்ளை. சேற்றில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறின வெள்ளை. தலைப்பு தலையோடு படிந்து கிடந்தது, அடியில் கொண்டை என்று ஒன்று இல்லை, மயிரே இல்லை. மடியில் மூடின கை. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

வாலாம்பாள் ஒரு அடி பின்னால் வைத்தாள். தாலி அறுத்து, தலை சிரைத்து, மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட ஒருத்திக்கு அவள் நவராத்திரிக் குங்குமத்தை நீட்டியிருக்கிறாள். அப்படி ஒருத்தி எதிரே வந்தாலே திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற ஜனங்கள் அவளுடையவர்கள். அந்த வழக்கத்தில் துளி இரக்கம் கிடையாது. வாலாம்பாளுக்கும் அந்த நிமிஷத்தில் இரக்கம் வரவில்லை. புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, அது ஒன்றுதான் வந்தது.

மூடின தலை மெதுவாக அவள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. முழுசாகத் திரும்பவில்லை. நெற்றியின் ஓரம் மட்டும் தெரிந்தது. அதில் குங்குமத்தைப் பொட்டாக இட்டிருக்கவில்லை, காதோரத்திலிருந்து நெற்றி நெடுகப் பூசியிருந்தது. ஈரமாக, இன்னும் வழிந்துகொண்டு.

வாலாம்பாள் ஓடியே வந்துவிட்டாள். வாசலில் ஷேக் பரீத் வழிமறித்து நின்றார்.

"என்னம்மா ஓட்டம்? அங்கன கடைசிப் பெஞ்சுப் பக்கமா போனிய?"

"அங்க ஒருத்தி உக்காந்திருக்காளே, அவ யாரு?"

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரா இருந்தா என்ன. வீட்டுக்காரர் வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்கு. நா வேலைக்கு வந்த நாள் முதலா இருக்கு. நாம பாட்டுக்கு இருந்தா அதும் அது பாட்டுக்கு இருக்கும். நீங்க பேச்சு கீச்சுக் குடுக்கலியே?"

"பேசல" என்றாள் வாலாம்பாள். "நேத்திக்கு… தெரியாம குங்குமம் குடுத்துட்டேன். ஆத்துக்கு வரச் சொன்னேன்."

ஷேக் பரீத்தின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. கோபமே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளையிலேருந்து இங்கன வராதிய" என்றார். "உப்பாபீஸ் ஐயாவையும் வரப்பு வழியா வர வேண்டாம்னு சொல்லிருங்க. சும்மா சொன்னா கேக்க மாட்டாரு. காரணத்தயும் சேத்துச் சொல்லிருங்க."

வாலாம்பாள் அன்று ராத்திரி சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? குங்குமத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் சிமிழ் நனைந்திருந்தது. ஆறாம் நாளும். அதுமட்டுமில்லை, குறைந்துகொண்டும் வந்தது. விரலால் வழித்த தடம் வெள்ளியில் தெரிந்தது. வீட்டில் எங்கே நின்றாலும் அந்தச் சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது. சாம்பிராணி போட்டாள், வாசலைச் சாணி போட்டு மெழுகினாள், அடுப்பில் வைத்த பாலில்கூட அது இருப்பதாகப் பட்டுக் கொட்டிவிட்டாள். ராத்திரி புருஷன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடந்தாள்.

ஆறாம் நாள் சாப்பிடும்போது ஜகந்நாதனே பேச்சை எடுத்தான்.

"ஏன் இப்பல்லாம் பார்க்குக்கு வரதில்லை? நீ வராததுனால உனக்குப் பதிலா வேற ஒருத்தி நிக்கறா."

அவள் கரண்டி மோர்ப் பாத்திரத்தில் விழுந்தது.

"நம்மவாதான். கடைசிப் பெஞ்சுல உக்காந்திருப்பா. இன்னிக்கு நான் வரப்புல வரச்சே எழுந்து நின்னா, நீ நிப்பயே, அதே மாதிரி. தலையில பூ. யாரோ எவரோ, நான் குனிஞ்சிண்டு வந்துட்டேன்."

"தலையில பூவா?"

"வாசனை அடிச்சுதே. ஏன், உனக்குத் தெரிஞ்சவளா?"

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வாலாம்பாள் மோரை ஊற்றினாள். "இல்லை" என்றாள். "இங்க பாருங்கோ, பூஜை முடியற வரைக்கும் நீங்க வரப்பு வழியா வராதீங்கோ. ரோடு வழியா வாங்கோ."

"அது ஒரு மைல் சுத்து. எதுக்கு?"

"சொப்பனம் கண்டேன். தண்ணி ஏறிண்டு வரது. எனக்காக."

அவன் சிரித்தான். கெட்டவன் இல்லை, பெண்டாட்டி பயந்தால் கேலி செய்துவிட்டு அவள் சொன்னபடியே செய்கிறவன். "சரி, ரோடு வழியாவே வரேன். உன் சொப்பனத்துக்கு என் செருப்புத் தேயட்டும்" என்றான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாரே என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. பாதி சொல்லியாயிற்று, பாதி போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனாலும் கொடுத்த அழைப்பு அப்படியே இருந்தது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் சாயங்காலம், போகாதே போகாதே என்று கால் தடுக்கியும், பார்க்குக்குப் போனாள். ஆறு மணிகூட ஆகவில்லை, அதற்குள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஷேக் பரீத்தைக் காணோம். கம்பி வழியாகப் பார்த்தாள். நாளுக்கு நாள் நீர் ஏறும் வேளை மாறிக்கொண்டு வந்து, இப்போது சாயங்காலத்திலேயே கழி நிரம்பத் தொடங்கியிருந்தது. சேறு தெரியவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் வந்து கடைசிப் பெஞ்சின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்திருந்தாள். தலைப்பு இறங்கியிருந்தது. பின்கழுத்தில் ஈரமான கறுப்புக் கொண்டை, அதைச் சுற்றிச் சரமாகக் கனகாம்பரம். அதற்குக் கீழே மஞ்சளாக ஒரு கயிறு.

நவராத்திரிக்கு அழைத்தவளை வராதே என்று சொல்வது வாலாம்பாள் கேள்விப்பட்டே இராத காரியம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம கூப்ட்டுட்டேன்." மறுபடி சொன்னாள். "தெரியாம குடுத்துட்டேன். நீங்க வர வேண்டாம். வராதீங்கோ, உங்களை நமஸ்காரம் பண்றேன்."

பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றாள். திரும்பவில்லை. தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றி ஓடியது. பதில் மட்டும், அத்தனை தூரத்திலிருந்து, காதோடு சொன்ன மாதிரித் தெளிவாக வந்தது.

"வரேன்."

எட்டாம் நாள்.

ஐந்து மணிக்கு நாகலக்ஷ்மி தன் நாத்தனாரோடு வந்து, ஒரு பாட்டுப் பாடி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். இன்னும் கொஞ்சம் உட்காருங்கோ என்று வாலாம்பாள் கையைப் பிடித்தாள். "உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அவள் விளக்கை ஏற்றினாள். ஜன்னல் கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். கதவைத் தாழ் போட்டாள். அவர் வந்து தட்டினால் திறந்தால் போதும். ரோடு வழியாகத்தானே வருகிறார், கொஞ்சம் தாமதமாகத்தான் ஆகும்.

ஆறரைக்குப் பார்க் மணி கேட்டது. வழக்கமாகப் பத்து அடி அடிப்பார். அன்று நிற்கவே இல்லை. விடாமல், தாறுமாறாக, யாரையோ திரும்பிப் போகச் சொல்கிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பாதியில் நின்றது.

ஏழு மணி ஆயிற்று.

கச்சரா வண்டி போயிற்று. அதன் நாற்றம் வந்தது. அது போன பிறகும் ஒரு நாற்றம் இருந்தது.

வாசலில் காலடி. அவர் நடைதான், அந்த வேகம் அவளுக்குத் தெரியும். ஆனால் சத்தத்தில் ஏதோ பிசகு. ஒரு காலில் சதக்கென்று செருப்புச் சத்தம். மறு கால் சத்தம் தட்டையாக, ஈரமாக. சதக். பத். சதக். பத். அவர் பின்னாலேயே இன்னொரு நடை. வெறுங்கால். நிதானமாக.

கதவைத் தட்டவில்லை. தாழ் தானாக விலகிற்றா, அவள்தான் எழுந்து திறந்தாளா, அவளுக்குத் தெரியாது. கதவு திறந்திருந்தது. ஜகந்நாதன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். கையில் குடை இல்லை. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாரு வந்திருக்கா பாரு" என்றான்.

"ஏன் இப்படி நனைஞ்சிருக்கேள்?"

அது அவன் காதில் விழவில்லை. ஒப்பிக்கிற மாதிரி, ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனான். "நீ சொன்னபடி ரோடு வழியாத்தான் வந்துண்டிருந்தேன். ரோடும் வரப்பும் பிரியற எடத்துல இந்த மாமி நின்னுண்டிருந்தா. உங்காத்துக்குத்தான் வரணும், வழி தெரியலைன்னா. நீ குங்குமம் குடுத்துக் கூப்ட்டயாமே. என்கிட்ட சொல்லவே இல்லையே. பொம்மனாட்டி தனியா நிக்கறாளேன்னு கூட்டிண்டு வந்தேன். வரப்பு வழியாப் போனாக் கிட்டக்கன்னா. சேர்ந்தே வந்துட்டோம்."

அவன் கண் இமைக்கவில்லை.

அவன் ஒதுங்கினான். அவன் பின்னால் நின்றவள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். கனகாம்பரம். மஞ்சள் கயிறு. முகத்தைத் தவிர எல்லாவற்றையும் வாலாம்பாள் பார்த்தாள். முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. வந்தவள் கொலுவுக்கு எதிரே போட்டிருந்த மணையில், இடம் தெரிந்தவள் போல, முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். சுற்றித் தரையில் ஈரம் பரவிக் கோலத்தின் ஒரு இழை கரைந்தது.

வாலாம்பாளின் கைகள் அவளைக் கேட்காமல் வேலை செய்தன. சுமங்கலி வந்து மணையில் உட்கார்ந்தால் தட்டை எடுக்க வேண்டும். எடுத்தன. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் சிமிழ். அப்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது.

கழிப்பக்கம். ஆட்கள். பல குரல்கள்.

"பாபூ… ஓ பாபூ…"

உப்பளத்து ஆட்கள் அவள் புருஷனைக் கூப்பிடுகிற பேர் அது. அவர்களோடு ஒரு தமிழ்க் குரல், கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். ஷேக் பரீத்.

"உப்பாபீஸ் ஐயா… ஐயாவோவ்… ஏலேய், வெளக்கக் கொண்டா. வரப்புல ஒத்தச் செருப்புக் கெடக்கு."

வாலாம்பாள் குனிந்து பார்த்தாள். சுவரோரம் நின்ற ஜகந்நாதனின் பாதங்கள். ஒன்றில் செருப்பு. ஒன்றில் இல்லை. வெறுங்காலின் விரல் இடுக்குகளில் கருஞ்சேறு. அதில் ஒரு குமிழி கிளம்பி, உடைந்தது.

அவள் தட்டோடு மணைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

மணையில் இருந்தவள் தட்டிலிருந்து சிமிழை எடுத்தாள். இந்தத் தடவை பிடியாக எடுக்கவில்லை. முறையாக, மோதிர விரலால், ஒரு சிட்டிகை. நெற்றியில் வட்டமாக இட்டுக்கொண்டாள். கயிற்றை வெளியே எடுத்து, தாலியில் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது வாலாம்பாள் ஆறு வருஷமாகத் தினம் மஞ்சள் பூசின தாலி. வாலாம்பாளின் கை தன் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஈரம்தான் இருந்தது.

வந்தவள் தான் இட்டுக்கொண்டால் வீட்டுக்காரிக்கும் இட வேண்டும். அது முறை. வந்தவளுக்கு அது தெரிந்திருந்தது. இன்னொரு சிட்டிகை எடுத்தாள். வெளுத்த, சுருங்கின விரல் வாலாம்பாளின் நெற்றியை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது. அரை விரற்கடை தூரத்தில் நின்றது.

வெளியே, "கெடச்சிட்டாரு" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் யாரும் கத்தவில்லை.

விரல் பின்வாங்கியது. தெரியாமல் செய்யப் பார்த்தேனே என்பது போல வந்தவள் சூள் கொட்டினாள். சிட்டிகைக் குங்குமத்தைத் தன் வகிட்டிலேயே தடவிக்கொண்டாள். சுவரோரம் நின்றவன் இரண்டடி எடுத்து வைத்து, சதக், பத், அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் சிமிழை மூடினாள். மனசு புண்படக்கூடாதே என்று சுமங்கலிகள் பார்த்துப் பார்த்துச் செய்வார்களே, அந்தப் பதவிசோடு, வாலாம்பாளின் கைக்கு எட்டாத பக்கமாக, சத்தம் வராமல் அதைத் தள்ளி வைத்தாள்.